உடம்பு தேறியும் கை ஓடவில்லையா? சொந்தத் தொழில் கேள்வி-பதில்

காய்ச்சல், அறுவை சிகிச்சை, வீட்டில் ஒரு துக்கம், மாதக்கணக்கில் ஓய்வே இல்லாமல் உழைத்த களைப்பு... காரணம் எதுவானாலும், நடுவில் நின்றுபோன தொழிலை மறுபடி கையில் எடுக்கத் திணறுகிறவர்களின் கடிதங்கள் இந்த மாதம் நிறைய. சம்பள வேலை என்றால் அலுவலகம் போனதும் யாராவது ஒரு வேலையைத் தலையில் கட்டிவிடுவார்கள். சொந்தத் தொழிலில் அதையும் நாமேதான் செய்துகொள்ள வேண்டும். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து, அதன்பிறகு இரண்டரை மாதமாக மெஷினைத் தொடவில்லை. 38 துணி தேங்கி நிற்கிறது. முன்பெல்லாம் ஒரு நாளைக்கு ஐந்து பிளவுஸ் முடிப்பேன். இப்போது காலையில் உட்கார்ந்தால் பதினோரு மணிக்கே கண்ணைக் கட்டுகிறது. போன வாரம் ஒரு பட்டு பிளவுஸில் இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டேன். டைம்டேபிள் எழுதி ஒட்டியும் பார்த்தேன், இரண்டு நாளுக்குமேல் ஓடவில்லை. எப்படித் திரும்பத் தொடங்குவது?
(வாசகி, பவானி)

பதில்: முதலில் அந்தப் பட்டுத் துணியைப் பார்த்துவிடுவோம். கையின் முன்பக்க வளைவு பின்பக்கத்தைவிடக் கொஞ்சம் உள்ளே குழிந்திருக்கும். அந்தக் குழிவை வெட்டும்போது இரண்டு கைத்துணியும் நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம் சேர்ந்து முகம் பார்த்துக் கிடக்க வேண்டும். இரண்டும் மேல்நோக்கிக் கிடந்தால் இரண்டுமே ஒரே பக்கத்துக் கையாகிவிடும். வளைவை முக்கால் அங்குலம் கீழே இறக்கி, இரண்டு கையையும் மறுபடி வெட்டுங்கள். கை நீளம் அந்த முக்கால் அங்குலம்தான் குறையும், பார்டர் போகாது. பக்கத் தையலில் மார்ஜின் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கை குறையும் என்று துணி கொடுத்தவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். தைத்து முடித்த பிறகு சொன்னால்தான் சண்டை.

இந்தத் தவறு தொழில் மறந்ததால் வரவில்லை. சோர்ந்த நேரத்தில் வெட்டியதால் வந்தது. உங்கள் டைம்டேபிள் ஓடாததற்கும் அதுவே காரணம். நாளைக்கு ஐந்து பிளவுஸ் தைத்த பழைய உடம்புக்கு அதை எழுதியிருக்கிறீர்கள். மணிக்கணக்கைப் பிறகு பார்க்கலாம். இப்போது முடிவுசெய்ய வேண்டியது இரண்டே இரண்டு: ஒரு நாளைக்கு எத்தனை உருப்படி, எந்த வேலை எந்த நேரத்தில்.

அதற்கும் முன்னால் ரத்தப் பரிசோதனை. டெங்குவுக்குப் பிறகு சில வாரங்கள் அசதி இருப்பது சகஜம்தான். இரண்டரை மாதமாகியும் கண்ணைக் கட்டுகிறதென்றால், எல்லாப் பழியையும் டெங்குமேல் போட்டுவிட்டு உட்காரக் கூடாது. மருத்துவரைப் பார்த்து ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சர்க்கரை, வைட்டமின் பி12 ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். கர்ப்பமில்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தந்தால், அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம், சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. கால்சியம் மாத்திரையையும் அதோடு சேர்த்து விழுங்காதீர்கள். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா துணைக்கு நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். கொஞ்சம் தெம்பு வந்ததும் பாதியில் நிறுத்துவதுதான் பலர் செய்வது. ஹீமோகுளோபின் சரியான பிறகும் கையிருப்பு நிரம்பச் சில மாதம் சாப்பிடச் சொல்வார்கள், அதுவரை விடக் கூடாது.

அடுத்து மெஷின். இரண்டரை மாதம் ஓடாத மெஷினில் எண்ணெய் பிசுபிசுத்துப் போயிருக்கும். சக்கரம் கனக்கும், நூல் அறும், தையல் தாவும். இதைத் தன் கைக் குறை என்று எடுத்துக்கொண்டு மனசு விடுகிறவர்கள் உண்டு. தையல் வேலை எதுவும் வைத்துக்கொள்ளாத ஒரு நாளில் இதை முடித்துவிடுங்கள்: பல் தகட்டைக் கழற்றி, பாபின் கேஸைச் சுற்றி அடைந்த பஞ்சை பிரஷ்ஷால் எடுங்கள். எண்ணெய்த் துளைகளில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, நூல் கோக்காமல் ஐந்து நிமிடம் ஓட்டி, கசிந்து வரும் அழுக்கைத் துடையுங்கள். பிறகு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, பழைய துணியில் கொஞ்சம் ஓட்டினால் எண்ணெய்க் கறை அந்தத் துணியோடு போய்விடும். ஊசியை மாற்றிவிடுங்கள். காட்டன், லைனிங் பிளவுஸுக்கு 14, பட்டு, ஜார்ஜெட்டுக்கு 11. மிதி மெஷினாக இருந்து தோல் பெல்ட் தளர்ந்திருந்தால் அரை அங்குலம் வெட்டி மறுபடி கொக்கி போடுங்கள். இரண்டு மடிப்புத் துணியில் ஒரு சாண் தைத்துப் பாருங்கள். அடிப்பக்கத்தில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் கோளாறு மேல் நூலில். டென்ஷன் தட்டுக்குள் நூல் உட்காரவில்லை அல்லது டென்ஷன் தளர்வு. பாபினைத் திருகிக்கொண்டிருக்க வேண்டாம்.

இப்போது 38 துணிக்கு வருவோம். எல்லாவற்றையும் பாயில் பரப்பி மூன்று குவியலாக்குங்கள். தேதி சொல்லி வாங்கியவை (கல்யாணம், வளைகாப்பு, திருவிழா), எப்போது கொடுத்தாலும் சரி என்றவை, உங்களால் இப்போது முடியாதவை. ஆரி வேலை, பேட்டர்ன் கழுத்து, நெட் துணி போன்றவை மூன்றாவது குவியல். அதில் எட்டு துணி இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்பணத்தோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திருப்பிக் கொடுத்தால் வாடிக்கை போய்விடும் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. உண்மையில் வாடிக்கை போவது, "அடுத்த வாரம்" என்று நான்கு தடவை சொல்லும்போதுதான்.

மீதி 30. வாரத்துக்கு ஆறு நாள் என்று வையுங்கள். முதல் வாரம் நாளைக்கு ஒன்று, இரண்டாம் வாரம் இரண்டு, மூன்றாம் வாரம் மூன்று. கூட்டிப் பார்த்தால் 6, 12, 18 என்று 36 ஆகிறது. முப்பதும் முடிந்து, அவசரமாக வரும் ஆறு உருப்படிக்கும் இடம் இருக்கிறது. முதல் வாரம் ஒன்றே ஒன்றா என்று கேலியாகத் தோன்றும். மூன்றாம் நாள் உடம்பு லேசாக இருக்கும், நான்கு தைக்கலாம் என்று கை துறுதுறுக்கும். அன்றைக்குத்தான் ஒன்றோடு மெஷினைவிட்டு எழுந்துவிட வேண்டும். தெம்பு வந்த ஒரு நாளில் நான்கு தைத்துவிட்டு அடுத்த இரண்டு நாள் படுத்துக்கொள்வதுதான், காய்ச்சலிலிருந்து தேறி வருகிறவர்களை வாரக்கணக்கில் பின்னுக்கு இழுப்பது. மறுநாள் காலை எழும்போது முந்தின நாளைவிடச் சோர்வு கூடியிருந்தால், அந்த வாரம் உருப்படியைக் கூட்டாதீர்கள், முந்தைய வாரக் கணக்கிலேயே நில்லுங்கள்.

நாளுக்குள் எந்த வேலை எப்போது? திருத்த முடியாத வேலை காலையில், பிரித்துச் சரிசெய்யக்கூடிய வேலை அதன்பிறகு. கட்டிங் காலை ஒன்பதரைக்குள். அதுவும் இரண்டு துணிக்குமேல் ஒரே மூச்சில் வெட்ட வேண்டாம். பத்துத் துணியை ஒன்றாக வெட்டி வைக்கும் பழக்கம் நல்ல உடம்புக்குச் சௌகரியம். சோர்வில் அளவுக் குறிப்பை ஒருமுறை தப்பாகப் பார்த்தால் பத்திலும் அதே தப்பு. டாட், தோள், பக்கத் தையல் எல்லாம் பதினோரு மணிவரை. பிறகு சாப்பாடு, படுக்கை. மாலையில் ஹெம்மிங், கொக்கி, காஜா, பழைய பிளவுஸ் பிரிப்பது. கொக்கி கோணலாகப் போனால் ஐந்து நிமிடத்தில் பிரித்துவிடலாம், வெட்டிய பட்டுத் துணியை ஒட்ட முடியாது. காட்டன் லைனிங்கை முந்தின இரவே தண்ணீரில் நனைத்து உலர்த்திவிட்டால் காலையில் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, சலவைக்குப் பின் சுருங்கிச் சண்டையும் வராது.

வாட்ஸாப்பில் எல்லாருக்கும் ஒரே செய்தி போதும்: "உடம்பு சரியாகி மறுபடி தைக்க ஆரம்பித்துவிட்டேன். உங்கள் துணி இந்தத் தேதி தயாராகும். அதற்குமுன் வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொள்ளலாம், வருத்தமில்லை." தேதியை ஆளுக்கு ஆள் மாற்றிப் போடுங்கள், நீங்கள் நினைக்கும் நாளுக்கு மூன்று நாள் தள்ளி.

இன்னொன்று. தமிழ்நாட்டில் தையல் தொழிலாளர்களுக்கெனத் தனி நல வாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயதுவரை உள்ளவர்கள் பதியலாம். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், கண்ணாடி, விபத்து, ஓய்வூதியம் என்று உதவிகள் உண்டு. வருமானம் நின்ற மாதங்களை அது ஈடுகட்டாது. ஆனாலும் பதிந்து வைத்திராதவர்கள் பதிந்துவிடலாம்.

கேள்வி: வீட்டிலிருந்து கிராஃபிக் டிசைன் செய்கிறேன். பாதி வேலை உள்ளூர் அச்சகங்களுக்கு, பாதி அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு. ஒரு பெரிய புராஜெக்ட் முடித்ததிலிருந்து மூன்று வாரமாக எதிலும் கை வைக்கவில்லை. இரவு நாலு மணிக்குத் தூங்கி, பகல் பன்னிரண்டுக்கு எழுகிறேன். மெயிலைத் திறக்கவே பயமாக இருக்கிறது.
(வாசகர், தாம்பரம்)

பதில்: "இன்றைக்குப் பத்து மணிக்கே படுத்துவிடுகிறேன்" என்று கிளம்பாதீர்கள். நாலு மணிக்குத் தூங்கிப் பழகிய உடம்பு பத்து மணிக்குப் படுத்தால் விட்டத்தைத்தான் பார்க்கும். படுக்கும் நேரத்தை விட்டுவிடுங்கள். எழும் நேரத்தை மட்டும் இரண்டு நாளைக்கு ஒரு முறை அரை மணி முன்னே இழுங்கள். பன்னிரண்டிலிருந்து எட்டரைக்கு வர ஏழு படி, பதினான்கு நாள். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் மொட்டைமாடியில் இருபது நிமிடம் வெளிச்சத்தில் நில்லுங்கள், இரவுத் தூக்கம் தானாகவே முன்னே நகரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பன்னிரண்டு வரை தூங்கினால் திங்கள்கிழமை மறுபடி முதலிலிருந்து. குடித்த காபியில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் நிற்கும். இரவு ஒரு மணிக்குத் தூங்க நினைத்தால் கடைசிக் காபி மாலை ஐந்துக்கு.

அமெரிக்கக் கூட்டங்களுக்காகத்தான் விடிய விடிய விழிக்கிறேன் என்கிறவர்கள் பலர் நேரக் கணக்கை ஒருமுறை உட்கார்ந்து போட்டதே இல்லை. நியூயார்க் பக்கம் கோடையில் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. அங்கே காலை பத்து மணி என்பது நமக்கு இரவு ஏழரை அல்லது எட்டரை, அவ்வளவுதான். கலிபோர்னியா வாடிக்கையாளர் என்றால் சிக்கல். அங்கே காலை ஒன்பது மணி, நமக்கு இரவு ஒன்பதரை அல்லது பத்தரை. அவர்களிடம் அவர்களது மாலையைக் கேளுங்கள். குளிர்காலத்தில் அவர்களுக்கு மாலை ஐந்து மணி நமக்கு மறுநாள் காலை ஆறரை. இந்தக் கோடை, குளிர்கால நேர மாற்றம் மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் நடக்கும். அந்த இரண்டு வாரங்களிலும் கூட்ட நேரத்தை எழுதிக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரு மணி நேரம் தவறிப் போய், "ஆள் வரவில்லை" என்ற பேர் வாங்குவது அப்போதுதான்.

மெயில் பெட்டி. முதல் நாள் யாருக்கும் பதில் எழுத வேண்டாம், படித்தால் போதும். ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: எனக்கு வர வேண்டிய பணம், நான் கொடுக்க வேண்டிய வேலை, வெறும் விசாரிப்பு. பயந்ததைவிடப் பட்டியல் சின்னதாகத்தான் இருக்கும். மறுநாள் முதல் பத்தியிலிருந்து தொடங்குங்கள். முடித்த பெரிய புராஜெக்டுக்குப் பில் அனுப்பிவிட்டீர்களா? அனுப்பாமல் படுத்துக்கிடப்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். பில் எழுதுவதற்கு யோசனை தேவையில்லை, மந்தமான மூளைக்கு ஏற்ற முதல் வேலை, முடித்தால் காசும் வரும். மூன்றாம் நாள் இரண்டாவது பத்தி. பதிலில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: எது முடிந்தது, மீதி எந்தத் தேதி, அவர்களிடமிருந்து என்ன வேண்டும். ஏன் தாமதம் என்று ஒரு பக்கம் விளக்கம் எழுதினால் படிக்கிறவருக்கும் பாரம், எழுதுகிற உங்களுக்கு அதிலேயே அரை நாள் போய்விடும். தேதி சொல்லும்போது, நான்கு நாள் வேலை என்று தோன்றினால் ஆறு நாள் சொல்லுங்கள்.

பவானி வாசகிக்குச் சொன்ன கணக்கு உங்களுக்கும் பொருந்தும். அச்சுக்குப் போகும் ஃபைலைச் சரிபார்ப்பது, விலை சொல்வது, புதிய வேலைக்குச் சம்மதிப்பது மூன்றும் திரும்பப் பெற முடியாதவை. எழுந்த முதல் மூன்று மணி நேரத்துக்கு வெளியே இவற்றைச் செய்யாதீர்கள். அழைப்பிதழில் தேதியும் கிழமையும் பொருந்துகிறதா, மண்டபத்தின் பெயர் சரியா என்று நள்ளிரவில் பார்த்த கண் தப்பவிடும். தப்பு வெளியே வருவது ஆயிரம் பத்திரிகை அடித்த பிறகு. படங்களைக் கத்தரிப்பது, ஃபோல்டர் ஒதுக்குவது, எழுத்துரு தேடுவது இதெல்லாம் இரவுக்கு.

கேள்வி: சின்ன வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன், கூட ஒரு பையன் மட்டும். வயது 52. கிரில், கேட் வேலைதான். குடலிறக்க ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதம் மூடியிருந்தது. இப்போது ஷட்டரைத் திறந்தாலும் பதினோரு மணிக்குமேல்தான் வேலை ஆரம்பமாகிறது, சாப்பிட்டால் கண் சொருகுகிறது. அடித்த பீடெல்லாம் (வெல்டிங் ஒட்டு வரி) ஓட்டை ஓட்டையாக வருகிறது. கை மறந்துவிட்டதோ என்று பயம்.
(வாசகர், ஓசூர்)

பதில்: இத்தனை வருடக் கை மூன்று மாதத்தில் மறக்காது. வெல்டிங் ராடைப் பாருங்கள். பிரித்த பாக்கெட்டில் மூன்று மாதம் கிடந்த ராடின் பூச்சு ஈரம் இழுத்திருக்கும், அதனால்தான் பீடில் ஓட்டை விழுகிறது. 6013 ராடு என்றால் 100, 120 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் காயவைத்தால் சரியாகும். பூச்சு உதிர்ந்திருந்தால் தூக்கிப் போடுங்கள். இரும்பிலும் துரு ஏறியிருக்கும், பிரஷ் போடாமல் அடித்தாலும் இதே கதைதான். எர்த் கிளாம்ப் பிடிக்கும் இடத்தையும் உரசிவிடுங்கள்.

பதினோரு மணிவரை ஓடாததற்குக் காரணம் சோம்பல் என்று நாங்கள் நினைக்கவில்லை. காலையில் வந்ததும் "எதை எடுப்பது" என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த யோசனைக்கு நடுவே டீ, அதற்கு நடுவே விசாரிக்க ஒரு ஆள், இப்படியே பொழுது ஏறிவிடுகிறது. மாலை ஷட்டர் இறக்கும் முன் நாளைக்கான முதல் உருப்படியை வைஸில் மாட்டிவிட்டுப் போங்கள். அளவை அதிலேயே சாக்பீஸால் எழுதி, வேண்டிய ஸ்பேனர், மூலைமட்டம், ராடு எல்லாம் பக்கத்தில் வையுங்கள். முதல் வேலை அரை மணியில் முடிகிற சின்ன வேலையாக இருக்கட்டும், ஒரு கீல், ஒரு கொண்டி. பெரிய கேட்டை முதலில் மாட்டாதீர்கள்.

ஆபரேஷன் பண்ணின உடம்பு என்பதால் கனம் தூக்குவதில் மட்டும் துணிச்சல் கூடாது. எவ்வளவு எடை, எப்போதிலிருந்து என்று அறுவை செய்த மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். "பட்டறை வேலை" என்று பொதுவாகச் சொல்லாமல், "20 அடி ஆங்கிளைத் தோளில் தூக்குவேன்" என்று சொல்லுங்கள். அப்போதுதான் அவருக்குப் புரியும். அதுவரை தூக்குவது பையனுடைய வேலை.

சாப்பிட்டதும் கண் சொருகுவதற்குச் சர்க்கரையைப் பார்த்துவிட வேண்டும். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ, அல்லது மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை நோய். மருத்துவர் இன்னொரு முறை பார்த்து உறுதிசெய்வார். கூடவே, இரவில் பலமாகக் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று திணறுகிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள். அப்படியிருந்தால் எட்டு மணி நேரம் படுத்தும் தூக்கம் தூக்கமாகாது, அதற்குத் தனி சிகிச்சை இருக்கிறது. டீயையும் எண்ணுங்கள். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் ஆறு டீயில் ஐம்பது கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. சாப்பாட்டில் சோற்றைக் குறைத்து, சுண்டலோ முட்டையோ கூட்டுங்கள். அப்புறம் இருபது நிமிடம் அலாரம் வைத்துக் கண் அயரலாம். ஒரு மணி நேரம் தூங்கினால் எழுந்த பிறகு மந்தம் இன்னும் கூடும்.

கட்டிங் வீல், கிரைண்டர், ஏணி மூன்றும் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடிந்திருக்கட்டும். மூன்று மாதம் தொங்கிய வீலில் விரிசல் இருக்கிறதா, தேதி தாண்டிவிட்டதா என்று பார்க்காமல் மாட்டாதீர்கள். வீலை மறைக்கும் பாதுகாப்பு மூடி (கார்டு) இல்லாமல் ஓட்டுகிற பழக்கம் உங்கள் பட்டறையிலும் இருக்கும் என்றே நினைக்கிறோம், கழற்றி வைத்ததைத் தேடி எடுத்து மாட்டுங்கள். பெயின்ட், பிரைமர், அளவெடுத்து எழுதுவது, பாக்கி வசூலுக்குப் போன் பண்ணுவது மதியத்துக்கு.

கேள்வி: ரத்தப் பரிசோதனை எல்லாம் சரி, தூக்கமும் வருகிறது. ஆனாலும் கடைக்குப் போகவே மனசு வரவில்லை. இது சோம்பேறித்தனமா, வேறு ஏதாவதா?
(பெயர் வேண்டாம், திண்டுக்கல்)

பதில்: ஒன்றைக் கவனியுங்கள். கடைக்குத்தான் போகப் பிடிக்கவில்லையா, பிடித்தமான எதுவுமே பிடிக்கவில்லையா? கிரிக்கெட் பார்க்கிறீர்கள், நண்பர்களோடு சிரிக்கிறீர்கள், கடையை நினைத்தால் மட்டும் கனக்கிறது என்றால், பிரச்சினை பெரும்பாலும் கடைக்குள் இருக்கிறது. கடன், முகம் கொடுக்க முடியாத ஒரு ஆள், நஷ்டத்தில் ஓடும் சரக்கு என்று ஏதோ ஒன்று. அதைத் தாளில் எழுதினாலே பாதி வெளியே வந்துவிடும். எதிலுமே நாட்டமில்லாமல், மனசு கனத்து, பசியோ தூக்கமோ மாறி, நாளின் பெரும்பகுதி இப்படியே இரண்டு வாரத்துக்குமேல் போகிறது என்றால் அதற்கு மருத்துவ உதவி வேண்டும். அரசின் மனநல உதவி அழைப்பான டெலி மானஸ் எண் 14416, நாள் முழுக்க எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணமில்லை, தமிழில் பேசலாம். செத்துப்போகலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது, இப்போதே கூப்பிடுங்கள், வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டில் ஊறுகாய், பொடி வகைகள் செய்து விற்கிறேன். உடம்பு முடியாமல் இருந்த நாட்களில் எல்லாரும் உதவினார்கள். இப்போது "வீட்டிலதானே இருக்கே" என்று ஆளுக்கொரு வேலை சொல்கிறார்கள். அடுப்பைப் பற்றவைத்தால் காலிங்பெல்.
(வாசகி, ஸ்ரீரங்கம்)

பதில்: நாள் முழுக்கத் தொந்தரவு வேண்டாம் என்றால் வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். பத்திலிருந்து பன்னிரண்டு வரை மட்டும் கேளுங்கள், கிடைக்கும். மிளகாய் வறுப்பது, எண்ணெய் காய்ச்சித் தாளிப்பது ஆகிய இரண்டும் அந்த இரண்டு மணிக்குள். வறுவலில் ஒரு நிமிடம் கவனம் சிதறினால் கருகிப்போன மொத்தத் தூளையும் கொட்ட வேண்டும், மாங்காய் நறுக்கும்போது பெல் அடித்தால் ஒன்றும் கெட்டுவிடாது. பாட்டில் கழுவிக் காயவைப்பது, லேபிள் ஒட்டுவது எல்லாம் மாலையில் டி.வி. முன்னால் நடக்கட்டும், உதவுகிறவர்களுக்கும் அதைத்தான் கொடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: பாட்டில் உள்ளே துளி ஈரம் இருந்தாலும் பூசணம் வரும், அந்தப் பொறுப்பை மட்டும் பிள்ளைகளிடம் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: முடியாமல் கிடந்ததில் மூன்று மாத ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடவில்லை. விற்பனையே இல்லையே, விட்டுவிடலாமா?
(வாசகர், விருதுநகர்)

பதில்: பதிவு உயிரோடு இருக்கும்வரை, விற்பனை இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் போட்டாக வேண்டும். விற்பனை இல்லாத 3பி படிவத்துக்கு (வரிக் கணக்கைக் காட்டும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்) தாமதக் கட்டணம் நாளுக்கு 20 ரூபாய், ஒரு படிவத்துக்கு அதிகபட்சம் 500. வரி இருந்தால் நாளுக்கு 50 ரூபாய், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் சேரும். பழைய மாதத்தைப் போடாமல் புதிய மாதத்தைப் போட முடியாது என்பதால் பழையதிலிருந்து தொடங்குங்கள். விற்பனை இல்லாத மாதத்துக்குப் பதிவான கைபேசியிலிருந்து 14409-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பியே முடிக்கலாம். மாதாமாதம் போடுகிறவர்கள் தொடர்ந்து ஆறு மாதம் விட்டால் பதிவையே ரத்துசெய்ய அதிகாரிக்கு உரிமை உண்டு.

கேள்வி: இத்தனை நாள் மூடிவிட்டு, இப்போது வார விடுமுறை விட்டால் ஊர் சிரிக்காதா?
(வாசகி, காரைக்குடி)

பதில்: ஞாயிற்றுக்கிழமைதான் விட வேண்டும் என்று யார் சொன்னது? தையல், அழகு நிலையம், ஜெராக்ஸ் என்று தொழிலுக்குத் தொழில் கூட்டம் வரும் நாள் வேறு. மூடுவதற்கு முந்தைய இரண்டு மாத பில் புத்தகம் இருந்தால் எடுத்து, எந்தக் கிழமையில் வரவு குறைச்சல் என்று பாருங்கள். பெரும்பாலும் செவ்வாயோ புதனோ வரும். அந்த நாளைப் பலகையில் எழுதி மாட்டுங்கள், வாட்ஸாப் பிசினஸில் அன்றைக்குத் தானாகப் பதில் போகிற மாதிரி வைத்துவிடுங்கள். சரக்கு வாங்கப் போவது, வங்கி வேலை எல்லாவற்றையும் அந்த நாளில் திணித்தால் அது விடுமுறைக் கணக்கில் வராது.